பெரிய மாப்பிள்ளை எழுதிய கண்ணாடி

அந்தக் குடும்பத்தில் இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த மகளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. பெரியவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் வேலை. சின்னவருக்கு, ஆபீஸ் வாசல்களில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரத்தை மாட்டிவிடுவதும், அது மக்கர் செய்தால் போய்ப் பிரித்துப் பார்ப்பதும் வேலை. சகலைகள் இருவருக்கும் பதினைந்து வருடத்தில் ஒரு சண்டை வந்தது கிடையாது. சண்டை வர வேண்டும் என்றால் இரண்டு பேரும் ஒரே படியில் நிற்க வேண்டும். பெரிய மாப்பிள்ளையின் எண்ணத்தில் அவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தார்.

காரணம், அவர் எழுத்தாளர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இணைப்பில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் 'நாளை மறுநாள்' என்று ஒரு பத்தி வரும். பதினோரு வருடமாக அதை எழுதிவந்தவர் அவர்தான். அந்த வாரம் வந்த தொழில்நுட்பச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வார். எப்போதோ படித்த விஞ்ஞானக் கதை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நடுவில் தன் வீடு, தன் கடை, தன் முழங்கால் வலி எல்லாம் வந்து போகும். தானாக ஓடும் கார் பற்றிய செய்தி என்றால், தான் கார் ஓட்டப் பழகப் போனதும், மூன்றாம் நாள் பயிற்சி கொடுத்தவர் நடுத்தெருவில் இறங்கி நடந்தே போய்விட்டதுமாகத் தொடங்குவார். வாசகர்கள் சிரித்தார்கள், கடிதம் போட்டார்கள். கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களில் எப்போதாவது ஒருவர், "அந்தப் பத்தி எழுதறது நீங்கதானா?" என்று கேட்பார். அந்த ஒருவருக்கு மட்டும் லென்ஸின் ஓரத்தை இன்னும் ஒரு சுற்று கூடுதலாக மெருகு போட்டுக் கொடுப்பார்.

பத்திக்கு முன்னால் அவர் கதையும் எழுதியிருந்தார். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, பிறகு நின்றுபோன ஒரு மாத இதழில் மூன்று விஞ்ஞானக் கதைகள். மூன்றே மூன்றுதான். அவர் பேசுவதைக் கேட்டால் முப்பது என்று தோன்றும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும். காலையில் செய்தி படிக்கும்போது, யாரோ எதையோ புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று இருந்தால் அவர் முகம் சுண்டிப்போகும். "இதெல்லாம் எப்பவோ எழுதியாச்சு" என்பார். மேலே ஏவிய ராக்கெட் பாதியில் விழுந்தது, பந்தை உதைக்கப் போன ரோபோ மல்லாந்தது என்று இருந்தால் அன்றைக்கு இரண்டாவது காபி கேட்பார். யாரோ எங்கேயோ விழுந்தால் உங்களுக்கு என்ன சந்தோஷம் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அவர் அதற்கு ஒரு தத்துவமே சொன்னார். வராத காலம் கதை எழுதுகிறவனுக்குச் சொந்தம். ஒரு பொருளைச் செய்து கடையில் அடுக்கிவிட்டால் அது அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பனுக்கு வருகிற வருத்தம் மாதிரி அது. மனைவி, "அப்பா வருத்தப்படுவாரு, சரி. பொண்ணு போன இடத்துல விழுந்து எந்திரிக்கணும்னு நினைப்பாரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாமியாருக்கு உடம்புக்கு வந்தது. மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கைகால் தப்பியது, பேச்சு தப்பியது, பார்வைக்கும் குறைவில்லை. ஊசியில் நூல் கோர்ப்பார். ஆனால் முகம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போய்விட்டது. எதிரில் நிற்பவரின் கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும், அது யார் என்பது மட்டும் தெரியாது. குரல் கேட்டால் பிடித்துக்கொள்வார். பெற்ற மகளே சத்தம் காட்டாமல் வந்து நின்றால், "யாரும்மா, என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்பார். முப்பது வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிற பத்தாவது ஆளைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. நாளாக நாளாக, இளைய மகள் வீட்டு முன்னறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சின்ன மாப்பிள்ளை கண்ணாடிக் கடைக்கு வந்தார். தடியான ஃபிரேம் ஒன்று வேண்டும், பவர் வேண்டாம், வெறும் கண்ணாடி போதும் என்றார். பெரியவருக்கு அன்று கைநிறைய வேலை. எதற்கு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. யாரும் வாங்காமல் அடித்தட்டில் கிடந்த ஒரு பழுப்பு ஃபிரேமை எடுத்துத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஏழு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய மாப்பிள்ளை பத்திரிகையைப் பிரித்தார். அவர் எழுதுகிற அதே பத்திரிகை. முதல் பக்கத்தில், கீழ்ப்பாதியில், அந்தப் பழுப்பு ஃபிரேம். அதைப் போட்டுக்கொண்டு மாமியார். பக்கத்தில், சட்டைப்பையில் டெஸ்டர் செருகியபடி, சின்ன மாப்பிள்ளை.

கழித்துப் போட்ட ஒரு வருகைப்பதிவு இயந்திரத்திலிருந்து கேமராவையும் அதன் மூளையையும் எடுத்து, ஃபிரேமின் இரண்டு கைகளிலும் பொருத்தியிருக்கிறார். எதிரில் வருகிறவரின் முகத்தை அது பார்க்கும், தன்னிடம் பதிந்திருக்கிற முகங்களோடு ஒப்பிடும், காதுக்குள் பேர் சொல்லும். புதுக் கருவிகளுக்கான போட்டி ஒன்றில் இருநூறு பேருக்கு நடுவில் அதற்கு முதல் பரிசு. மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு நிறுவனம் அதை வாங்கிச் சோதித்துப் பார்க்க முன்வந்திருக்கிறது. விஞ்ஞானக் கதைகள் ஏதாவது படித்து இந்த யோசனை வந்ததா என்று நிருபர் கேட்டிருக்கிறார். "கதை எல்லாம் படிக்க எங்க சார் நேரம்" என்று சின்ன மாப்பிள்ளை பதில் சொல்லியிருக்கிறார்.

பெரிய மாப்பிள்ளை அந்த ஒரு வரியை ஐந்து முறை படித்தார். அன்றைக்கு அவர் வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே பற்றவைத்திருக்கலாம். மனைவி பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள் என்றாள். போன வாரமே தங்கை சொன்னாளாம், பரிசு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் பத்திரிகை வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து மணிக்கு இணைப்பின் ஆசிரியை போன் செய்தார். இந்த வாரப் பத்தியை அந்தக் கண்ணாடியைப் பற்றியே எழுதிவிடுங்கள், உங்கள் தொழிலும் அதுதானே என்றார். படத்தில் இருப்பவர் தன் சகலை என்று பெரிய மாப்பிள்ளை சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் அவருக்கு அது நினைவு வந்தது. கண்ணாடியைப் பற்றி நாமும் ஒரு கதை எழுதினோமே. அந்த மாத இதழில் வந்த முதல் கதை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம் நினைவு வந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்டால் எதிரில் நிற்பவரைப் பற்றி ஒன்று தெரியவரும். சாயங்காலம் கடையை மூடும்போது, தெரியவருவது பேர்தான் என்பது உறுதியாகிவிட்டது. மறுநாள் காலையில் பல் துலக்கும்போது கதையில் ஒரு வயதான அம்மாவும் வந்துவிட்டார், அவருக்கு முகம் அடையாளம் தெரியாத நோயும் வந்துவிட்டது. அது மட்டுமா. சின்னவர் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த இதழில் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தோமே. கொடுத்தது உண்மை. அதை அவர் பிரித்தாரா என்பது யாருக்குத் தெரியும்.

அந்த வாரம் பத்தி ஒரே மூச்சில் வந்தது. விஞ்ஞானக் கதை எழுதுகிறவனின் தலையெழுத்தைப் பற்றி எழுதினார். அவன் விதைப்பான், ஊரார் அறுப்பார்கள், அறுத்தவன் படம் முதல் பக்கத்தில் வரும் என்று எழுதினார். முகங்களைச் சேர்த்துவைக்கிற இயந்திரம் தவறானவர் கையில் போனால் என்ன ஆகும் என்று நியாயமாக இரண்டு பாரா கேட்டார். கடைசியில் இப்படி முடித்தார்: "இந்தக் கண்ணாடியைப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே நான் எழுதிவிட்டேன். இதழ் நின்றுபோனது. கதை நிற்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பது எடுத்தவருக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மனைவி அதை நின்றபடியே படித்தாள்.

"தம்பி திருடிட்டாருன்னு எழுதியிருக்கீங்க."

"திருடினார்னு எங்க இருக்கு? தெரியும்னுதான் எழுதியிருக்கேன்."

"இந்தக் கதையை நீங்க எனக்குப் படிச்சுக் காட்டினதே இல்லையே."

"உனக்கு மறந்திருக்கும்."

அவள் பத்திரிகையை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்வாள், அரை மணி நேரம் ஓடும். அன்றைக்குப் போன் வரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே முதலில் கெட்டது வேறொருவர். திங்கட்கிழமை போட்டிக் குழுவிலிருந்து சின்ன மாப்பிள்ளைக்குக் கடிதம் வந்தது. யோசனை யாருடையது என்று கேள்வி எழுந்திருப்பதால் கருவியை ஒப்படைக்க வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டும். மருத்துவக் கருவி நிறுவனம், இது முடியட்டும், பிறகு பேசலாம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டது. இதெல்லாம் மனைவி வழியாகப் பெரிய மாப்பிள்ளையின் காதுக்கு வந்தது. அவருக்கு நெஞ்சில் ஓர் ஓரத்தில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதற்கும் உள்ளே, சொன்னால் வெட்கக்கேடு, இரண்டாவது காபி குடித்த காலை மாதிரி ஒரு தெம்பு இருந்தது.

ஆசிரியைக்கோ ஒரே மகிழ்ச்சி. பத்திக்கு இத்தனை கடிதம் எப்போதும் வந்ததில்லையாம். எல்லோரும் அந்தப் பழைய கதையைக் கேட்கிறார்களாம். அடுத்த ஞாயிறு அதையே மறுபிரசுரம் செய்துவிடலாம், தேடிக் கொடுங்கள் என்றார். பெரிய மாப்பிள்ளை பரணில் ஏறினார். முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கசிந்தபோது பழைய இதழ்கள் இருந்த பெட்டி ஊறிப்போனது பாதியில்தான் நினைவு வந்தது. இறங்கினார். பரவாயில்லை, எனக்கு வரிக்கு வரி மனப்பாடம், எழுதியே தந்துவிடுகிறேன் என்று ஆசிரியையிடம் சொன்னார்.

இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத அவருக்கே ஆச்சரியம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் இவ்வளவு நன்றாகவா எழுதியிருக்கிறேன்! அந்த வயதான அம்மா, முதல் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு தன் மகளின் பேரைக் கேட்கிற இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்தது. புதன்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்தின் தலையில் 'பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கதை' என்று போடுவதாக ஆசிரியை சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் சின்ன மாப்பிள்ளை கடைக்கு வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. பெரியவர் எழுந்து நிற்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்தார். சின்னவர் ஒரு காகித உறையை மேஜையில் வைத்தார்.

"அண்ணா, உங்க கதையைத் தேடி எடுத்துட்டேன்."

பெரிய மாப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. சின்னவர் சொன்னார். குழுவுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தாராம். அண்ணா எழுதியிருக்கிறார் என்றால் எழுதித்தான் இருப்பார், தெரியாமல் செய்திருந்தாலும் முதலில் யோசித்தவர் பேர் முதலில் வர வேண்டும், கதையைக் கொண்டுபோய்க் காட்டி அவர் பேரையும் சேர்த்துப் போடச் சொல்லலாம் என்று நினைத்தாராம். வீட்டில் தேடியிருக்கிறார், கல்யாணப் புதிதில் கொடுத்த பிரதி கிடைக்கவில்லை. பழைய இதழ்களை எல்லாம் வருடவாரியாகத் தைத்து வைத்திருக்கிற நூலகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய், இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டி, நகல் எடுத்து வந்திருக்கிறார்.

பெரிய மாப்பிள்ளை உறையைப் பிரித்தார். மேலே இருந்தது 'தரகர் போட்ட கண்ணாடி'. அவர் பேர்தான். அவர் நடைதான். ஒரு கல்யாணத் தரகர். அவருக்கு ஒரு விஞ்ஞானி கண்ணாடி செய்து தருகிறார். போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரில் இருப்பவரின் உண்மையான வயது நெற்றியில் தெரியும். முப்பது என்று சொன்ன மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று, இருபத்தாறு என்று சொன்ன பெண்ணுக்கு முப்பத்தாறு. ஊரில் பாதிக் கல்யாணம் நின்றுபோகிறது. எல்லோரும் தரகரைத் துரத்துகிறார்கள். கதை முடிந்தது. பேர் சொல்லும் கண்ணாடி இல்லை. முகம் தெரியாத அம்மா இல்லை. தொண்டையை அடைக்கிற இடம் எதுவும் இல்லை.

"இது வேற கதை, தம்பி. நான் சொன்னது இன்னொண்ணு."

"மூணையும் எடுத்துட்டு வந்திருக்கேன். அடியில இருக்கு."

அடியில் நிலாவில் வேலை பார்க்கிற ஒரு தபால்காரரும், கடலுக்கடியில் வாடகைக்கு வீடு தேடுகிற ஒரு குடும்பமும் இருந்தார்கள். பெரிய மாப்பிள்ளை காகிதங்களை முன்னும் பின்னும் திருப்பினார், எங்காவது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல.

"இதழ் வந்த நாலு வருஷத்தையும் பார்த்துட்டேன்" என்றார் சின்னவர். "ஒருவேளை நான் விட்டிருக்கலாம். நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. அந்தத் தரகர் கதைக்கு நல்லாச் சிரிச்சேன் அண்ணா."

பதினைந்து வருடத்தில் சின்ன மாப்பிள்ளை அவருடைய எழுத்தைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

சின்னவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். அவர் குரல் உயரவில்லை. "எடுத்தவருக்குத் தெரியும்னு எழுதியிருந்தீங்க. எனக்குத் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ரெண்டு நாள் லீவு போட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெரிய மாப்பிள்ளை திரும்பவும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். தொண்ணூறு டிகிரியில் வைக்க வேண்டிய லென்ஸின் அச்சை நூற்றெண்பதில் வைத்து அரைத்துவிட்டார். லென்ஸ் வீண். இன்னொன்று எடுத்தார், அதையும் அப்படியே அரைத்தார். மூன்றாவதை எடுக்காமல் கடைப்பையனிடம் சொல்வதுபோல யாரும் இல்லாத கடையில் "போதும்" என்றார்.

மாலை ஆறு மணிக்குச் சகலை வீட்டுக்குக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நூலகத்தில் பார்த்ததை யாரிடமும் சொல்லாதே என்று கேட்கப் போனார். கதை ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் ஊர் அதை நம்பிவிடும், பிறகு குழுவிடம் நானே பேசி உனக்கு நல்லது செய்துவிடுகிறேன் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனார்.

சின்ன மாப்பிள்ளை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மனைவியின் தங்கை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மாமியார் மட்டும் இருந்தார். நாற்காலி மறுபடியும் வாசலுக்கு முதுகைக் காட்டியிருந்தது. காலடி கேட்டுத் திரும்பினார். பெரிய மாப்பிள்ளையின் முகத்தை, கண்ணில் தொடங்கி வாய் வரைக்கும், ஒரு விலாசத்தைப் படிப்பதுபோலப் படித்தார். பிறகு தபால் கவுண்டரில் பேசுகிற மரியாதையோடு, "யாருங்க, என்ன வேணும்?" என்றார்.

"நான்தான் அத்தை."

"அட, பெரிய மாப்பிள்ளையா. உட்காருங்க, உட்காருங்க. நானே உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். கண்ணாடி சரியாயிடுச்சா?"

அவருக்கு விளங்கவில்லை. மாமியாரே சொன்னார். கண்ணாடி ரிப்பேர் என்றும், பெரிய மாப்பிள்ளை கடையில் கொடுத்திருக்கிறது என்றும் மகளும் சின்னவரும் சொன்னார்களாம். பத்திரிகையில் வந்ததை யாரும் இவர் கண்ணில் காட்டவில்லை. "உங்க கடையில இருந்தா பத்திரமா இருக்கும்னு சின்னவரு சொன்னாரு. நான் அவசரப்படுத்தலை. ஆனா அது வந்தப்புறம் பழகிட்டேன் பாருங்க. இப்ப மறுபடியும் வர்றவங்க எல்லாரையும் யாரு யாருன்னு கேக்க வேண்டியிருக்கு. கேக்கற எனக்குச் சலிக்கலை மாப்பிள்ளை. பதில் சொல்றவங்களுக்குச் சலிச்சுப் போகுது, குரல்ல தெரியுது."

பெரிய மாப்பிள்ளை கட்டிக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"என்னிக்குத் தருவீங்க?" என்றார் மாமியார்.

"சீக்கிரம் அத்தை. நானே கொண்டுவந்து தர்றேன்."

தங்கை துணியோடு படி இறங்கி வந்தாள். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்திரிகை ஆபீசில் ஆசிரியையின் முன்னால் உட்கார்ந்தார். பக்கம் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். மேஜையில் அது விரிந்து கிடந்தது. அவர் கதை, அவர் பேர், நடுவில் ஓவியர் வரைந்த வயதான அம்மா. ஓவியமும் அழகாகத்தான் இருந்தது. இதை நிறுத்திவிடுங்கள் என்றார். ஏன் என்று கேட்ட ஆசிரியையிடம் நகலை எடுத்துக் கொடுத்தார். ஆசிரியை தரகர் கதையை முழுக்கப் படித்தார், இரண்டு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்க எழுதிக் கொடுத்தது எந்தக் கதை?"

"இந்த வாரம் எழுதினது. பொய்யா எழுதணும்னு எழுதலை. அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு." பிறகு அதையும் சொன்னார், "படத்துல இருக்கறவர் என் சகலை."

ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். "புதுக் கதைன்னு கொடுத்திருந்தீங்கன்னா சந்தோஷமாப் போட்டிருப்பேன். நல்ல கதை சார் அது."

திருத்தம் அவரே எழுதினார். ஐந்து வரி. அப்படி ஒரு கதையைத் தான் எழுதவில்லை என்றும், கண்ணாடியைச் செய்தவர் தன்னிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ எதையும் எடுக்கவில்லை என்றும், அவர் தன் மனைவியின் தங்கை கணவர் என்பதை மறைத்தது தவறு என்றும் எழுதினார். 'பொறாமை' என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். ஆசிரியை அதை எடுத்துவிட்டார். பத்திரிகையின் திருத்தத்தில் அதெல்லாம் வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு உங்கள் பத்தியும் வேண்டாம் என்றார்.

அவர் இடத்தில் ஒரு பௌதிகப் பேராசிரியை எழுத வந்தார். நன்றாகவே எழுதினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பெரிய மாப்பிள்ளை பென்சிலோடு உட்கார்ந்து அவர் பத்தியில் பிழை தேடினார். ஒரு வாரம் ஒன்று கிடைத்தது. மனைவியிடம் காட்டப் போனவர், அவள் பார்த்த பார்வையில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார். காலைச் செய்தியைப் படிக்கும்போது இப்போதும் முகம் சுண்டத்தான் செய்தது. ஆனால் ஏதாவது ஒன்று விழுந்ததாக வந்தால், அதைச் செய்தவனும் வீட்டில் யாரையாவது நினைத்துத்தான் செய்திருப்பானோ என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து காபியைக் கெடுத்தது.

திருத்தம் வந்த பத்தாம் நாள் குழு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தது. பரிசு பரிசுதான் என்று எழுதியும் கொடுத்தது. சொன்ன சொல்லுக்காகப் பெரிய மாப்பிள்ளை தானே போய் அதை வாங்கி வந்து மாமியார் கையில் கொடுத்தார். மருத்துவக் கருவி நிறுவனம் மட்டும் திரும்பி வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் அவர்கள் வேறொரு கருவியைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்களாம். சின்ன மாப்பிள்ளை இதைப் பற்றிச் சகலையிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும்கூட அதிகம் பேசவில்லை. பெரியவர் ஒருநாள் தடுக்கித் தடுக்கி மன்னிப்புக் கேட்டபோது, சரி அண்ணா என்றார். அந்தச் 'சரி' மூடிய கதவு மாதிரி இருந்தது. ஆனாலும் அது கதவுதான், சுவர் இல்லை என்று பெரியவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

குழு சோதித்துப் பார்த்ததில் கண்ணாடியில் பதிந்திருந்த முகங்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. எல்லோரையும் மறுபடி பதிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினொரு மணிக்குத் தங்கையின் போன் வந்தது. அக்காளும் தங்கையும் அரை மணி பேசினார்கள். கடைசியில் மனைவி, "உங்களையும் வரச் சொல்றாங்க" என்றாள்.

முன்னறையில் ஜன்னலுக்கு எதிராக ஒரு முக்காலி போட்டிருந்தது. வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். இவர் முறை வந்தது. சின்ன மாப்பிள்ளை கேமராவைச் சரிசெய்துகொண்டே, நேராகப் பார்க்கச் சொன்னார், இடது பக்கம் திரும்பச் சொன்னார், வலது பக்கம் திரும்பச் சொன்னார். பெரிய மாப்பிள்ளை முடிந்தவரைக்கும் நல்ல முகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். புன்னகைகூடச் செய்தார்.

சின்னவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சிரிக்காதீங்க அண்ணா. நீங்க இந்த வீட்டுக்குள்ள எப்படி வருவீங்களோ அப்படி இருங்க. இல்லைன்னா அதுக்கு அடையாளம் தெரியாது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டாள். பெரிய மாப்பிள்ளை வாயை மூடினார். தன் வழக்கமான முகம் எது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. எதிரில் நிற்கிறவரின் கெட்டிக்காரக் கைகளைப் பார்த்தார். திருகாணி ஒன்றை இரண்டு விரலால் எவ்வளவு லாகவமாகத் திருகுகிறார் என்று பார்த்தார். உள்ளே அந்தப் பழைய எரிச்சல் மெல்லத் தலைதூக்கியது.

"இதுதான்" என்றார் சின்னவர். "அப்படியே இருங்க."

பத்துப் படம் எடுத்து முடித்ததும் கண்ணாடியை மாமியாருக்குப் போட்டுவிட்டார்கள். அவர் வாசலைப் பார்த்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளையிடம் வந்ததும் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். அது என்ன சொல்லிற்று என்பது அவருக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டுவிட்டு, "தள்ளி நிக்கறீங்களே, இப்படி வந்து உட்காருங்க" என்றார்.

சின்ன மாப்பிள்ளை தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த ஒயர்களை எடுத்துத் தரையில் போட்டார். பெரிய மாப்பிள்ளை போய் அதில் உட்கார்ந்தார்.